இரண்டாவது சிஸ்டம் போட்டதும் டிஸ்க் மெதுவானால், டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீட்டிலிருந்தபடியே பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, எழுத்தாக மாற்றி, பிழை திருத்திக் கொடுக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறேன். நல்ல யோசனைதான், நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் போட்ட பிறகு ஹார்டு டிஸ்க் நகராமல் நின்றால் எங்கே பார்ப்பது என்பதை யாரும் எழுதிக் காணோம். அதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னுடையது ஒரு டெஸ்க்டாப். உள்ளே 1 டெராபைட் ஹார்டு டிஸ்க், நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுவது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இதில் இல்லை. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் பழைய கோப்புகளைத் திறக்க எனக்கு விண்டோஸ் வேண்டும். ஸ்கேன் செய்த பக்கங்களை மொத்தமாக நேராக்கி, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் நிரல் கொண்டு எழுத்தாக மாற்றுவதற்கு லினக்ஸ் வசதி. ஆக இரண்டுமே தேவை. டிஸ்க்கில் 19 ஆண்டு உழைப்பு இருக்கிறது, ஏறத்தாழ 2 லட்சம் பக்கப் படங்கள்.

சர்வீஸ் செய்பவர் ஒருவர் வந்தார். கேபினெட்டைத் திறந்து தூசி தட்டினார், கூடுதலாக ஒரு ரேம் போட்டார், டேட்டா வைத்திருந்த பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதியை, சுருக்கி, டிஸ்க்கின் கடைசி 200 ஜிபியில் லினக்ஸை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே தொல்லை ஆரம்பித்தது.

600 பக்கப் படங்கள் உள்ள ஒரு ஃபோல்டரைத் திறந்தேன். சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தவை 40, 50 வந்ததும் அப்படியே நின்றுவிட்டன. மவுஸ் மட்டும் நகர்கிறது, எதைக் கிளிக் செய்தாலும் பதில் இல்லை. கேபினெட்டின் முன்னால் இருக்கும் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் ஒரே சீராக எரிகிறது. பத்துப் பன்னிரண்டு நொடி கழித்து, அடைத்த குழாய் திறந்த மாதிரி எல்லாம் மடமடவென்று வருகின்றன. பிறகு மறுபடியும் நிற்கிறது. லினக்ஸ் எழுந்து வரவே மூன்று நிமிடத்துக்கு மேல். விண்டோஸுக்குப் போனால் அங்கேயும் இதே கதை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும், பக்கத்தில் வேகத்தைப் பார்த்தால் நொடிக்கு 1 எம்பி, 2 எம்பி.

அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஒரே டிஸ்க்ல ரெண்டு சிஸ்டம் போட்டா அப்படித்தாம்மா, டிஸ்க் தாங்காது. போயிடுச்சு, மாத்திடுங்க" என்றார். எந்த அளவீட்டையும் பார்க்காமல், போனிலேயே சொல்லிவிட்டார். இரண்டு நாள் நான் அதை நம்பினேன். 19 ஆண்டு வேலை அதில் இருக்கும்போது நம்பாமல் என்ன செய்வது? சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள்தான் கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். இரண்டு சிஸ்டம் போட்டாலும் ஒரு நேரத்தில் ஓடுவது ஒன்றுதானே? விண்டோஸ் ஓடும்போது லினக்ஸ் டிஸ்க்கின் ஒரு மூலையில் வெறும் கோப்புகளாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் ஓடும்போது விண்டோஸும் அப்படித்தான். தூங்குகிற கோப்பு எப்படி டிஸ்க்குக்குச் சுமையாகும்? அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

லினக்ஸில் டிமெசெஜ் என்று ஒரு கட்டளை உண்டு. வன்பொருளோடு பேசும்போது நடப்பதையெல்லாம் சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் வரிவரியாகக் குறித்து வைத்திருக்கும். அதை அப்படியே காட்டும். அந்த மொழி எனக்கு முழுதாகப் புரியாது. ஆனால் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் மெய்ப்புத் திருத்தியவள் கண்ணுக்குத் தப்பாது. "ஹார்டு ரீசெட்டிங் லிங்க்" என்ற வரி பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைப் படிக்கச் சொன்ன ஒரு கட்டளை தோற்றுப்போன செய்தி. நடுவில் ஓரிடத்தில், இணைப்பின் வேகத்தை 1.5 ஜிகாபிட்டாகக் குறைக்கிறேன் என்ற அறிவிப்பு. டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்பு நொடிக்கு 1.5, 3, 6 ஜிகாபிட் என்று மூன்று வேகங்களில் பேசும். தகவல் சிதைந்து வரும்போது கர்னல் தானாகவே வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறது. 1.5 ஜிகாபிட் என்றாலே நொடிக்கு ஏறத்தாழ 150 எம்பி போகும், என் டிஸ்க்குக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. ஆளைக் கொன்றது அந்த ரீசெட்தான். ஒவ்வொரு முறை இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டும்போதும் எல்லாம் சில நொடி உறைந்து நிற்கிறது. நான் பார்த்த பத்துப் பன்னிரண்டு நொடி அதுதான்.

அடுத்து ஸ்மார்ட் அளவீடுகளைப் பார்த்தேன். ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்ணி வைத்திருக்கும் பட்டியல் அது. லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி அதைக் காட்டும். விண்டோஸில் பார்க்கவும் இலவசக் கருவிகள் உண்டு. அதில் மூன்று எண்களைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். 5-ஆம் எண் வரிசை, கெட்டுப்போனதால் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்களை, அதாவது தகவல் எழுதும் சின்னக் கட்டங்களை, சொல்கிறது. 197, படிக்க முடியாமல் காத்துக் கிடக்கும் செக்டார்களை. என்னுடையதில் இரண்டும் பூஜ்யம். 199 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் சிதைந்த தகவலின் கணக்கு. அது 1,846.

டிஸ்க்கின் தட்டில் குறை இல்லை, வழியில் குறை என்றால் வழி எது? கேபிள்தான். மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டைத் திறந்தேன். பட்டையான சிவப்பு கேபிள், புதிய ரேமுக்கு இடம் விடுவதற்காகவோ என்னவோ, மின்விசிறி ஒயருக்கு அடியில் கூர்மையாக மடிக்கப்பட்டிருந்தது. டிஸ்க்கில் செருகும் முனையில் பூட்டிக்கொள்ளும் உலோக நாக்கு இல்லாத பழைய வகை. ஒரு பக்கம் ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டேன், ஆடியது.

லினக்ஸ் போட்ட அன்றுதான் கேபினெட்டும் திறக்கப்பட்டது. அதனால்தான் பழி லினக்ஸ் மேல் விழுந்தது. உண்மையைச் சொன்னதும் லினக்ஸின் குறிப்புகள்தான்.

பூட்டு உள்ள புதுக் கேபிள் போட்டேன், மடிக்காமல் வளைத்து விட்டேன். உறைந்து நிற்பது அன்றோடு நின்றது. ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: கேபிளை மாற்றினாலும் அந்த 199 கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாது. அது டிஸ்க்கின் வாழ்நாள் கணக்கு. மேலே ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று பொருள். எண்ணைப் பார்த்துப் பயந்து டிஸ்க்கை மாற்றிவிடக் கூடாது.

கேபிளோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. லினக்ஸ் எழுந்து வருவதில் இன்னும் ஒன்றரை நிமிடம் வீணானது. திரையில் ஓடும் லோகோவை மறைத்துவிட்டுப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்த்தபோது, ஏதோ ஒரு டிஸ்க் பகுதிக்காகக் காத்திருப்பதாக 1 நிமிடம் 30 நொடி என்று கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிறுவிய பிறகு நான், ரேம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் ஸ்வாப் பார்ட்டிஷனை அழித்துப் பெரிதாக்கி மறுபடி உருவாக்கியிருந்தேன். புதிதாக உருவாக்கினால் அதன் அடையாள எண் மாறிவிடும். எழும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் என்ற கோப்பிலோ பழைய எண்ணே இருந்தது. இல்லாத ஒன்றைத் தேடி 90 நொடி காத்துவிட்டுப் பிறகு மேலே போகிறது. எண்ணைத் திருத்தியதும் தீர்ந்தது. ஒரே டிஸ்க்கில் இரண்டு லினக்ஸ் வைத்துக்கொண்டு ஸ்வாப்பைப் பகிர்பவர்களுக்கும் இது நேரும். இரண்டாவதை நிறுவும்போது ஸ்வாப் மறுபடி ஃபார்மேட் ஆனால், முதலாவது தேடிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் இடம். சுற்றும் தட்டில் வெளி விளிம்பின் சுற்றளவு பெரிது, உள் விளிம்பினுடையது சிறிது. தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆகவே ஒரு சுற்றில் வெளியே அதிகத் தகவல் கிடைக்கும், உள்ளே குறைவாகத்தான் கிடைக்கும். டிஸ்க்கின் ஆரம்பம் வெளி விளிம்பில், முடிவு உள் விளிம்பில். ஹெச்டிபார்ம் என்ற கருவியில், டிஸ்க்கின் எந்த இடத்திலிருந்து அளக்க வேண்டும் என்று சொல்லி அளக்கலாம். என் டிஸ்க்கின் தொடக்கத்தில் நொடிக்கு 172 எம்பி வந்தது, 900 ஜிபியைத் தாண்டிய இடத்தில் 88. இரண்டாவது சிஸ்டத்தை எப்போதும் கடைசியில் மிஞ்சிய இடத்தில்தான் போடுகிறார்கள், அதாவது டிஸ்க்கின் மிக மெதுவான பகுதியில். இது போதாதென்று, லினக்ஸ் கடைசியில், என் படங்கள் முன்னால் என்றால், படிக்கும் முனை தட்டின் குறுக்கே போய்ப் போய் வர வேண்டும். 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. முனை நகர்வதும் தட்டு சுற்றி வருவதும் சேர்ந்தால், சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளை இப்படிப்பட்ட டிஸ்க்கால் நொடிக்கு நூறுகூடத் தொட முடியாது. சின்னக் கோப்புகள்தான் என் பிழைப்பே.

மூன்றாவதாகக் கண்டுபிடித்தது பழைய பாவம். பார்ட்டிஷன்களைக் காட்டும் எஃப்டிஸ்க் என்ற கருவி கொடுத்த பட்டியலின் அடியில், பார்ட்டிஷன் பௌதிக செக்டாரின் எல்லையில் தொடங்கவில்லை என்று ஒரு எச்சரிக்கை இருந்தது. தொடக்கம் 63. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அப்படித்தான் 63-ஆம் செக்டாரிலிருந்து தொடங்குவார்கள். என் பார்ட்டிஷன்கள் அந்தக் காலத்தில் போட்டவை. டிஸ்க் மாற்றியபோதெல்லாம் குளோன் செய்து குளோன் செய்து, அதாவது அச்சு அசலாக நகலெடுத்து, அப்படியே வந்துவிட்டன. அந்நாள் டிஸ்க்குகளில் செக்டார் 512 பைட். இப்போதுள்ளவை பெரும்பாலும் உள்ளே 4,096 பைட்டாகப் பிரித்துவைத்து, வெளியே 512 என்று காட்டுகின்றன. எட்டு சின்ன செக்டார் சேர்ந்தால் ஒரு பெரிய செக்டார். 63 எட்டால் வகுபடாது. அதனால் நாம் எழுதும் ஒவ்வொரு 4 கேபியும் இரண்டு பெரிய செக்டார்களின் மேல் பிரிந்து விழுகிறது. கோடு போட்ட தாளில் இரண்டு கோட்டுக்கு நடுவே எழுதாமல் கோட்டின் மேலேயே எழுதினால் மேல் வரியும் கீழ் வரியும் கெடும் அல்லவா, அப்படி. டிஸ்க் அந்த இரண்டையும் முதலில் படித்து, நம்முடையதைச் சேர்த்து, தட்டு ஒரு சுற்று வரும்வரை காத்திருந்து திரும்ப எழுதுகிறது. படிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, எழுதும்போதுதான் வலிக்கும். இன்றைய கருவிகள் 2,048-ஆம் செக்டாரில், அதாவது சரியாக 1 எம்பியில், தொடங்குகின்றன. அது எட்டாலும் வகுபடும், பெரிய எண்களாலும் வகுபடும். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டா முதல் விண்டோஸும் இப்படித்தான்.

இந்தக் குறை லினக்ஸ் வருவதற்கு முன்பே இருந்தது. இத்தனை ஆண்டும் மெதுவாக எழுதும் டிஸ்க்கோடு வாழ்ந்திருக்கிறேன், இதுதான் இயல்பு என்று நினைத்துக்கொண்டு.

எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்தேன். எடுத்ததோடு விடாமல், அங்கும் இங்குமாக 50 கோப்புகளைத் திறந்து பார்த்தேன். இதைச் செய்யாமல் யாரும் பார்ட்டிஷனில் கை வைக்கக் கூடாது. பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்தும்போது உள்ளே இருக்கும் அத்தனையும் இடம் பெயர வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும், நடுவில் மின்சாரம் போனால் போனதுதான். அதனால் நான் நகர்த்தவில்லை. துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். முதலில் விண்டோஸுக்கு 150 ஜிபி, ஒட்டினாற்போல் லினக்ஸுக்கு 60, ஸ்வாப்புக்கு 8, மீதி முழுதும் படங்களுக்கு. இரண்டு சிஸ்டமும் டிஸ்க்கின் வேகமான பகுதிக்கு வந்துவிட்டன. டெசராக்ட் தரும் 600 எழுத்துக் கோப்புகளை எழுதி முடிக்க முன்பு நாலு நிமிடம் காத்திருந்தேன், இப்போது ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. லினக்ஸ் 41 நொடியில் எழுந்துவிடுகிறது.

விண்டோஸ் பக்கம் ஒன்று செய்ய வேண்டியிருந்தது. விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் கர்னலை முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் வைத்துவிடும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து இரண்டுக்கும் பொதுவான பார்ட்டிஷனைத் தொட்டால், படிக்க மட்டும் விடும், எழுத விடாது. வற்புறுத்தி எழுதினால் கோப்பு சிதையும், அடுத்த முறை விண்டோஸ் எழும்போது டிஸ்க் செக் என்று நேரத்தைத் தின்னும். பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிட்டேன். இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் அணைக்க வேண்டும் என்பேன்.

விண்டோஸை வாரத்துக்கு ஒருமுறைதான் திறப்பேன். திறந்ததும் முதல் கால்மணி நேரம் டிஸ்க் விளக்கு அணையாது. இது கோளாறு இல்லை. வாரம் முழுக்க அது செய்யாமல் விட்ட வேலைகள், ஆன்ட்டிவைரஸ் சோதனை, தேடலுக்கான அட்டவணை, பராமரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. லினக்ஸிலும் புதிதாக நிறுவிய முதல் நாள், கோப்புகளுக்கு அட்டவணை போடும் நிரல் என் 2 லட்சம் படங்களையும் எண்ணப் புறப்பட்டது. படங்கள் உள்ள ஃபோல்டரை அதன் பட்டியலிலிருந்து நீக்கினேன். மற்றபடி, விண்டோஸைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவிடுகிறேன். வேலையை முடித்துக்கொண்டு தானாக அடங்குகிறது.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்களில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் இத்தனையும் தீருமே என்று பலர் சொல்வார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் அதற்கு நிகரில்லை. சுற்றும் தட்டே அதில் இல்லை. ஆனால் என் வீட்டுக் கேபினெட்டில் அந்த மடிந்த கேபிளிலேயே எஸ்எஸ்டியைச் செருகியிருந்தால், அதுவும் இதே மாதிரி உறைந்து நின்றிருக்கும். இரண்டு நாளில் அதையும் கெட்டது என்றிருப்பார்கள். 63-இல் தொடங்கும் பார்ட்டிஷனை அப்படியே குளோன் செய்தால், எல்லை தவறுவது அங்கேயும் தொடரும். ஸ்வாப்பின் பழைய எண்ணுக்காகக் காத்திருக்கும் 90 நொடி எஸ்எஸ்டியிலும் 90 நொடிதான்.

மாற்றியே ஆக வேண்டிய டிஸ்க்கும் உண்டு. 5-ம் 197-ம் பூஜ்யமாக இல்லாமல், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், அளப்பதையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்துவிட வேண்டும். அங்கே தாமதம் கூடாது. நான் கேட்பதெல்லாம், அந்த எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான்.

சர்வீஸ் செய்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. டிஸ்க் போய்விட்டது என்று சொல்லும் முன் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து, 5, 197, 199 மூன்றையும் டிஸ்க்கின் சொந்தக்காரர் கண்ணுக்குக் காட்டுங்கள், ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். கேபினெட்டைத் திறந்து மூடிய பிறகு கேபிளின் இரு முனையையும் விரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது.

ஆசிரியர் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். லினக்ஸைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று இனி கட்டுரை வெளியிடும்போது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைப்பது, பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது, டிஸ்க்கில் எந்த இடத்தில் போடுவது என்ற மூன்றையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது சேர்க்கச் சொல்லுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு நிறுவி, டிஸ்க் மெதுவானதும் லினக்ஸையே அழித்துவிட்டவர்கள் இருவரை எனக்கே தெரியும். அவர்களில் ஒருவர் டிஸ்க்கையும் மாற்றிவிட்டார். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். போன வாரம் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். பார்த்தேன். 5 பூஜ்யம், 197 பூஜ்யம், 199-இல் 312. வேறு கேபிளில் மாட்டி ஐந்து நாளாக ஓடவிட்டிருக்கிறேன். இன்று காலையிலும் அது 312-இல்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்